வடிகட்டப்பட்ட சம்பந்தி

பையை கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க காலை நல்லா நீட்டிக்கிடுங்க. உள்ள பச்சரிசியும் வெல்லமும்தான். இது பனங்கிழங்கு. மஞ்சக்குலையை டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். மகளுக்குப் பொங்கப்படி கொண்டுபோறேன், சங்கரன்கோவிலுக்கு. நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. நீங்க போனைப் பாருங்க, நான் பேச்சுக் குடுக்க மாட்டேன். அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணுத பழக்கமே நமக்குக் கிடையாது.

யாரு அந்தப் பொம்பள? இட்லிக்கு மாவு அரைக்கதை வீடியோ எடுத்துப் போட்டிருக்காளா? உலகத்துல இதுவரைக்கும் யாரும் மாவே அரைச்சதில்ல பாருங்க. தள்ளுங்க, தள்ளிவிடுங்க. அடுத்தது யாரு, கையில ஊசி குத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல? 'எனக்காகப் பிரார்த்தியுங்கள்'. என்ன சீக்குன்னு போட்டிருக்கானா? போட மாட்டான். போட்டுட்டா பொறவு யாரு கேப்பா?

தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி, உங்க ஃபேஸ்புக்கைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. கண்ட கழுதையும் உள்ள வந்து நிக்கி. இந்தா, என்னோடதைப் பாருங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒருத்தன் மூஞ்சியும் கிடையாது. பாபநாசம் அணையில எவ்வளவு தண்ணி கிடக்குன்னு ஒண்ணு. அதுக்குக் கீழ நான் போட்டது. அதுக்குக் கீழ நேத்து நான் போட்டது. அதுக்குக் கீழ முந்தாநாத்து நான் போட்டது. வேற ஒரு தொந்தரவும் கிடையாது.

எப்படின்னு கேக்கீங்களா? வடிகட்டிட்டேன். நான் வேலை பாத்ததே வடிகட்டுத வேலைதான் அண்ணாச்சி. தண்ணி சப்ளையில, ஃபில்டர் ஹவுஸ்ல. ஆத்துத் தண்ணி செம்மண்ணா வரும், நம்ம கையைத் தாண்டிப் போகும்போது கண்ணாடியாப் போகும். அதைக் குடிச்சவன் ஒருத்தனாவது என்னைக்காவது 'ஆவுடைநாயகம் நல்லா இருக்கட்டும்'னு சொல்லியிருப்பானா? சொன்னதில்ல. நானும் எதிர்பாத்ததில்ல. பாராட்டை எதிர்பாக்கதுங்கிறது நம்ம ரத்தத்துலயே கிடையாது. ரிட்டயர்டு ஆன பொறவு என் மகதான் இந்த போனை வாங்கிக் குடுத்து, ஃபேஸ்புக் போட்டுக் குடுத்தா. 'அம்மா போயிட்டா, வீட்டுல தனியா இருக்கீங்க, நாலு பேரோட பேசிக்கிட்டு இருங்கப்பா'ன்னா. உள்ள போய்ப் பாத்தா எனக்குத் தலை சுத்திட்டு. நாலு பேரா இருக்கான் அங்க? நாப்பதாயிரம் பேரு நிக்கான், எல்லாவனும் 'என்னைப் பாரு, என்னைப் பாரு'ங்கான்.

எங்கூடப் படிச்சவன் ஒருத்தன், பேரு வேண்டாம், பாளையங்கோட்டையில மருந்துக்கடை வச்சிருக்கான். திடீர்னு ஒரு நாள் 'மனசு கனக்கிறது'ன்னு போட்டான். அவ்வளவுதான், வேற ஒரு வரி கிடையாது. நான் பதறிப்போயி ஆட்டோவைப் பிடிச்சு அவன் கடைக்கே போயிட்டேன். அவன் கல்லாவுல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கான். 'சும்மா போட்டேம்ல, பாரு, எத்தனை பேரு கேட்டிருக்கான்'னு போனைக் காட்டுதான். ஆட்டோக்காரனுக்குக் குடுத்த காசுக்கு அவன் கடையில நாலு தலைவலி மாத்திரை வாங்கியிருக்கலாம், அன்னைக்கு எனக்கு நிஜமாவே தேவைப்பட்டுது. வீட்டுக்கு வந்ததும் மொத ஆளா அவனைத்தான் வடிகட்டினேன்.

நட்பை முறிக்கக் கூடாது அண்ணாச்சி, அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. முறிச்சா அவனுக்குத் தெரிஞ்சிரும். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல ஒரே பந்தியில உக்காரணும்லா? அன்ஃபாலோன்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கணும். அவன் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருப்பான், நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியலைங்கிறது அவனுக்கும் தெரியாது. நேர்ல பாத்தா சிரிச்சுக்கிடலாம். மனுசன் கண்டுபிடிச்சதுலயே இவ்வளவு மரியாதையான விஷயம் வேற கிடையாது.

பொறவு அதுவே ஒரு தொழிலா ஆயிட்டு எனக்கு. தெனமும் காப்பியைக் குடிச்சிட்டு உக்காருவேன். பேரன் முட்டி போட்டதுக்குப் படம் போட்டவன் போனான். பேத்தி பல்லு விழுந்ததுக்குப் போட்டவன் போனான். 'இந்த முகநூலை விட்டு விலகுகிறேன்'னு போட்டுட்டு, நண்பர்களின் அன்புக்கு இணங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே திரும்பி வந்தான் பாருங்க ஒருத்தன், அவன் போனான். ஒவ்வொருத்தனை எடுக்கும்போதும் நான் ஒரு வரி மட்டும் போடுவேன், 'இன்று ஒருவர் வடிகட்டப்பட்டார்'னு. பேரு சொல்ல மாட்டேன். அதான் நம்ம பண்பாடு. 'யாரு சார் அது?' 'நானா சார்?' 'காரணம் என்ன சார்?'னு கேப்பாங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். ஒரு புன்னகை மட்டும் போட்டு வச்சிருவேன். அப்பந்தான் அவங்களும் கொஞ்சம் யோசிப்பாங்க. ராத்திரி படுக்கதுக்குள்ள நாலஞ்சு தடவை எடுத்துப் பாப்பேன், யோசிச்சிட்டாங்களான்னு.

இல்ல அண்ணாச்சி, அது எப்படிக் கவனத்தை ஈர்க்கதாகும்? அது விழிப்புணர்வு.

சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல இருந்தும் வெளிய வந்துட்டேன். சும்மா வரல, காரணத்தை எல்லாம் வெளக்கமா எழுதிப் போட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு என் தங்கச்சி வீட்டுக்குப் போயி அவ போனை வாங்கிப் பாத்தேன், யாராச்சும் 'அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிடுங்க'ன்னு கேட்டிருக்காங்களான்னு. நான் எழுதினதுக்கு நேர் கீழ ஒருத்தன் குடமிளகாய்ப் படம் போட்டிருக்கான், அவன் தோட்டத்துல காச்சதாம். அதுக்கு எல்லாரும் கை தட்டுதாங்க. நம்ம சனங்க தரம் அவ்வளவுதான்னு வந்துட்டேன்.

மானூர் வந்துட்டா? பாத்தீங்களா, பேச்சு சுவாரசியத்துல தெரியல.

இப்ப என்னோட சங்கடம் என்னன்னா, சம்பந்தி. என் மகளுக்கு மாமனாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். பாத்திரக்கடை வச்சிருக்காரு. என்னை விட வயசுல சின்னவரு, வாய் நிறைய 'அத்தான்'னு கூப்பிடுவாரு. ஆனா அவரு ஃபேஸ்புக்கைப் பாத்தீங்கன்னா, கடவுளே! தெனமும் விடிஞ்சதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு கோயில் கோபுரத்துக்கு முன்னாடி நின்னு ஒரு படம். கோபுரம் பாதி, அவரு பாதி. தொழில் இல்லாத நாள்ல கடைக்குள்ள அண்டாவுக்கு நடுவுல உக்காந்து ஒரு படம். ஆடித்தபசுத் திருவிழா வந்துட்டுன்னா பன்னெண்டு நாளும் போன்ல சார்ஜே நிக்காது நமக்கு. வெரல்ல தகரம் கிழிச்சு ஒரு சின்னக் கட்டு போட்டிருந்தாரு, அதுக்கு நாலு பக்கமிருந்தும் நாலு படம். 'நலம் விசாரித்த அனைவருக்கும் நன்றி'ன்னு மறுநாள் ஒண்ணு. அஞ்சாயிரம் பேரு அவருக்கு பிரெண்டு. அதுக்கு மேல ஃபேஸ்புக்ல சேக்க முடியாதாம், அதையும் ஒரு போஸ்ட்டாப் போட்டு வருத்தப்பட்டாரு.

மத்தவன்னா கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிருவேன். இவரு சம்பந்தியால்லா போயிட்டாரு? ரொம்ப நாளு பொறுத்தேன். ஒரு நாளு, பூரிக்கு நடுவுல ஓட்டையப் போட்டு அது வழியா ஒத்தைக் கண்ணால பாத்துக்கிட்டு ஒரு படம் போட்டாரு. அமுக்கிட்டேன்.

அமுக்கினதைப் பத்தி ஒண்ணும் இல்ல. என் மகளுக்குத் தெரியக் கூடாதுல்லா? அவ பேரு மீனலோசனி, நாங்க லோசனின்னு கூப்பிடுவோம். போன்ல பேசும்போதெல்லாம், 'அப்பா, மாமா போட்டதைப் பாத்தீங்களா?'ன்னு கேப்பா. அவருக்கு அது ஒரு ஆசை, நான் பாக்கணும்னு. சம்பந்தி லைக் போட்டாரான்னு கேப்பாராம். நான் பாக்கலைன்னா மருமககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா மொகம் வாடிருமாம். அதனால நான் ஒரு வழி வச்சிருந்தேன். எப்பக் கேட்டாலும் 'பாத்தேன் பாத்தேன்'னுருவேன். என்னத்தைப் போட்டிருப்பாரு மனுசன்? ஒண்ணு கோபுரம், இல்ல அண்டா. 'வழக்கம்போல அமர்க்களம்'னு சொன்னா ரெண்டுக்குமே பொருந்தும். அவளுக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம், எனக்கும் தொல்லை இல்ல. ரொம்ப நாளு இப்படியே ஓடிட்டு.

இப்ப எம் மக எங்கிட்டப் பேச மாட்டேங்கா அண்ணாச்சி. அதைக் கேக்கத்தான் போறேன். பொங்கப்படி ஒரு சாக்குன்னு வச்சுக்கிடுங்களேன். கூப்பிட்டா எடுக்கா, எடுக்க மாட்டேங்கான்னு சொல்லல. 'சாப்பிட்டியா?' 'ம்.' 'மாப்பிள்ளை நல்லா இருக்காரா?' 'ம்.' 'என்னம்மா?' 'ஒண்ணுமில்லப்பா, வைக்கேன்.' முன்னாடியெல்லாம் எப்படிப் பேசுவா தெரியுமா! அவ அம்மா இருந்த வரைக்கும் அம்மாகிட்டதான் எல்லாம். அவ போன பொறவு எங்கிட்ட. கத்திரிக்கா என்ன வெலைங்கிறதுல இருந்து எல்லாத்தையும் சொல்லுவா. ஒண்ணைத் தவிர. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் இல்ல. மதுரைக்குப் போனாங்க, டாக்டரைப் பாத்தாங்க, அதெல்லாம் மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் அவகிட்டக் கேக்கதில்ல. கேட்டா அழுதிருவாளோன்னு பயம். அவ அம்மா அந்த ஏக்கத்துலதான் கண்ணை மூடுனா, அதையும் நான் அவகிட்டச் சொன்னதில்ல. எனக்கு இருக்கது அவ ஒருத்திதான் அண்ணாச்சி. அவ 'ம்'னு சொல்லிட்டு வச்சா, பொறவு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு.

எப்ப இருந்துன்னா, தீவாளி கழிஞ்ச பொறவுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அன்னைக்கு நான் ஒரு கட்டுரை எழுதிக்கிட்டு இருந்தேன், 'கவனம் தேடிகள்: ஓர் ஆய்வு'. பாதியில நிக்கி. அவ கூப்பிடுத நேரமும் இல்ல அது, மத்தியானம். எடுத்தா, குரல் ஒரு மாதிரி இருக்கு. சிரிக்காளா, வெக்கப்படுதாளான்னு தெரியல. 'அப்பா... மாமா ஒண்ணு போட்டிருக்காங்க. அவசரப்பட்டுப் போட்டுட்டாங்க. பாத்தீங்களா?'ங்கா.

'பாத்தேன் பாத்தேன்'னேன்.

'பாத்துட்டீங்களா!'ன்னா. பொறவு, 'என்னப்பா, ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?'ன்னு கேட்டா.

எனக்கு எழுத்து பாதியில நிக்குத எரிச்சல். 'என்னத்தம்மா சொல்ல? ஊர்ல எல்லார் வீட்டுலயும் நடக்கதுதானே இது. இதையும் ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்கணுமா? உங்க மாமாவுக்கு வேற சோலி இல்ல'ன்னேன். கடைக்குப் புது ஷட்டர் போடப்போறதா முந்தி சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதைத்தான் போட்டிருப்பாரு, வேற என்னத்த?

டவர் போயிட்டுன்னு நெனச்சேன். 'அலோ அலோ'ங்கேன். பொறவு, 'சரிப்பா, வைக்கேன்'ன்னா. அவ்வளவுதான். இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? சொல்லுங்க. மாமனாரைச் சொன்னா பொறுக்கல. பெத்து வளத்தது நானு, ரோஷம் மட்டும் அந்த வீட்டுக்கு!

அந்தக் கோவத்துல மறுநாளு ஒண்ணு எழுதினேன் பாருங்க. 'வீட்டுக்குள் இருக்க வேண்டியதை வீதியில் வைத்து விற்பவர்கள்'னு தலைப்பு. நான் எழுதினதுலயே அதுக்குத்தான் லைக் அதிகம். இந்தா, பாருங்க. வாசிக்கவா? வேண்டாமா? சரி. எல்லாத்தையும் விடப் பெரிய வேடிக்கை, சம்பந்தியே வந்து அதுக்குக் கீழ எழுதிட்டாரு. 'உண்மைதான் அத்தான். சந்தோஷத்துல அளவு தெரியாமப் போச்சு. மன்னிச்சிடுங்க'ன்னு. உறைச்சிருக்கு பாத்தீங்களா? எழுத்துக்கு உள்ள சக்தி அது. அதை நான் படம் புடிச்சு வச்சிருக்கேன்.

அதுக்குப் பொறவு, ஒரு தடவை அவளாக் கூப்பிட்டா. 'ரெண்டு நாளா எதைத் தின்னாலும் வாந்தி வருதுப்பா'ன்னா. 'புளிச்ச மாவுல தோசை சுட்டுத் திங்காதேன்னு எத்தனை தடவை சொல்லுதது? ஓமத்தண்ணி குடி'ன்னேன். அக்கறையாத்தானே சொன்னேன்? 'சரி'ன்னு வச்சிட்டா. மாப்பிள்ளை ஒரு நாளு, 'மாமா, ஒரு நடை வந்து அவளைப் பாத்துட்டுப் போகலாம்லா?'ன்னாரு. 'பொங்கலுக்கு வருவேன்லா மாப்பிள்ளை'ன்னேன். மார்க்கெட்டுல ஒரு சொந்தக்காரரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சம்பந்தி போட்டதைப் பாத்தேன் அண்ணாச்சி, ரொம்ப சந்தோஷம்'ங்காரு. 'ஆமா ஆமா, பாத்தேன்'னுட்டு வந்தேன். ஒரு ஷட்டருக்கு இவ்வளவு பேரு சந்தோஷப்படுதான்னா நாடு எங்க போகுதுன்னு பாத்துக்கிடுங்க.

எனக்கு என்ன தோணுதுன்னா, அவளுக்கும் அந்த வீட்டுக் காத்து பட்டுட்டு. மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா நாம போயி 'என்னம்மா, என்னம்மா'ன்னு கேக்கணுமாம். இதுக்குப் பேரு என்ன? இதுவும் கவனம் தேடுதது தானே? எழுதிப் போட்டாத்தானா? நானும் அதனால பேச்சைக் கொறச்சுக்கிட்டேன். மகளா இருந்தாலும் நம்ம கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஆனா ராத்திரி படுத்தா அந்த 'ம்'தான் காதுக்குள்ள கேக்கு.

என்ன கேக்கீங்க? சம்பந்தி பேரா? சண்முகவேலாயுதம். தெற்கு ரதவீதியில கடை. ஏன், உங்களுக்குத் தெரியுமா? அட! உங்க பிரெண்டு லிஸ்ட்லயும் இருக்காரா? அஞ்சாயிரத்துல ஒருத்தர் இங்க எம் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க பாருங்க. தெரியாமப் பேசிட்டேன், அவருகிட்டச் சொல்லிராதீங்க.

இன்னைக்குக் காலையிலயும் போட்டிருக்காரா? போட்டிருப்பாரு, விடிஞ்சிட்டுல்லா. வேண்டாம் அண்ணாச்சி, காட்டாதீங்க, கோபுரத்தை நான் நேர்லயே பாத்துக்கிடுதேன். என்னத்துக்கு என் கையைப் பிடிக்கீங்க? வாழ்த்தா? எனக்கா? எதுக்கு?

இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. வெயிலு அடிக்கு.

இது லோசனி. வாசல்ல நிக்கா. இது அவுக வீட்டு வாசல்தான். என்ன இது, சேலை... அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. நெலையைப் பிடிச்சுக்கிட்டு மத்தக் கையை வயித்து மேல வச்சிருக்கா. அவ அம்மா, இவளைச் சுமந்துக்கிட்டு இருக்கும்போது இப்படித்தான் நின்னா.

என்ன எழுதியிருக்காரு? எனக்கு எழுத்து ஒண்ணும் புரியல, நீங்க வாசிங்க. 'எங்கள் மருமகளுக்கு இது ஐந்தாம் மாசம்.' ம். 'அப்பா பொங்கப்படி கொண்டுவருகிறார் என்று காலையில் இருந்து வாசலுக்கு வந்து வந்து போகிறாள். உட்காரச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். நண்பர்களே, நீங்களாவது சொல்லுங்கள்.' கீழ என்னது, இத்தனை பேரு எழுதியிருக்கான்? 'உக்காரும்மா.' 'அப்பா வந்துருவாரும்மா, உள்ள போ.' 'கால் வீங்கிரும் தாயி.' இவன் யாரு, சவுதியில இருந்து, 'தங்கச்சி, வெயில்ல நிக்காத'ங்கான்.

அண்ணாச்சி, தீவாளி கழிஞ்சு ஒண்ணு போட்டிருப்பாருல்லா, அதை எடுங்க. கீழ போங்க. இன்னும் கீழ. கோபுரம், கோபுரம், அண்டா, அதெல்லாம் தள்ளுங்க. இதான். வாசிங்க. 'ஆறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் எங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது. டாக்டர் இன்றுதான் உறுதியாகச் சொன்னார். மூன்று மாதம் முடியட்டும் என்றாள் மனைவி. என்னால் முடியவில்லை நண்பர்களே.'

இது யாரோ கேட்டிருக்கானே, 'பெண்ணோட அப்பா என்ன சொன்னார்?'னு. அதுக்குச் சம்பந்தி பதில் எழுதியிருக்காரு, வாசிங்க. 'அவருக்குச் சந்தோஷம் தாங்கலை. வெளியில காட்டிக்க மாட்டார். அத்தான் அப்படித்தான்.'

என்ன மனுசன் அண்ணாச்சி இவரு! நான் ஒரு வார்த்தை சொல்லல. வெத்தலை பாக்கு, ஒரு முழம் பூ, ஒண்ணு கொண்டுபோயி அவளைப் பாக்கல. அதை ஊருக்கே தெரியாம மறைச்சிருக்காரு. எல்லாத்தையும் போடுதவரு இதைப் போடலையே.

ஒரு போன் போட்டு எங்கிட்டச் சொல்லக் கூடாதா அவரு? மாப்பிள்ளை சொல்லக் கூடாதா? இல்ல, எப்படிச் சொல்லுவாங்க? 'அப்பா பாத்துட்டாங்க'ன்னு அவ சொல்லியிருப்பா. பாத்துட்டு, ஊர்ல எல்லார் வீட்டுலயும் நடக்கதுதானேன்னு சொன்னாங்கன்னா சொல்லியிருப்பா? சொல்லியிருக்க மாட்டா. அதை அவ யாருகிட்டச் சொல்லுவா? அம்மாவும் இல்ல.

மறுநாளு நான் வீதியில வச்சு விக்கதைப் பத்தி எழுதி வச்சிருக்கேன். அதை அவளும் வாசிச்சிருப்பாள்லா?

அதை அழிச்சிரணும். எங்க இருக்கு? இந்தா. அழிக்கவான்னு கேக்கு. லைக் நிறைய விழுந்தது இதுக்குத்தான், அது கெடக்கட்டும், என்ன இப்ப! அமுக்கிட்டேன். போயிட்டு. நீங்களும் பாத்துக்கிடுங்க, போயிட்டு. ஆனா அவ வாசிச்சது போகாதுல்லா?

பனவடலிசத்திரம் தாண்டிட்டா? இந்த டிரைவரு என்ன இப்படி உருட்டிக்கிட்டுப் போறான்! அவ அங்க நின்னுக்கிட்டே இருப்பா, யார் சொன்னாலும் கேக்க மாட்டா.

போன் அடிக்கு. லோசனிதான். எங்க வந்திருக்கீங்கன்னு கேக்கத்தான் இருக்கும். எடுக்கணும். எடுத்து, 'பாத்தேம்மா'ன்னு சொல்லணும். இப்ப நெஜமாவே பாத்துட்டேன் அண்ணாச்சி. ஆனா அதை எப்படிச் சொல்லுவேன்? பாத்தேன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே.